டீச்சர், அந்த 28 பவுண்டை முதலில் இறக்குங்கள்

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 38. இரண்டு வருடமாக வாரத்துக்கு நான்கு நாள், பள்ளிக்குக் கிளம்பும் முன், ஒரு தகர ஷெட் உள்ளரங்கில் பேட்மிண்டன் டபுள்ஸ் ஆடுகிறேன். பெரும்பாலும் நைலான் ஷட்டில், ஞாயிறு மட்டும் இறகு. தீபாவளிக்கு நல்ல கிராஃபைட் மட்டை வாங்கினேன், அதில் ‘4யு, 20–28 எல்பிஎஸ்’ என்று போட்டிருக்கிறது (4யு என்பது மட்டையின் எடை வகை, எல்பிஎஸ் என்றால் பவுண்டு). கூட ஆடுகிறவர்கள் சொன்னார்கள் என்று 0.63 மில்லிமீட்டர் நரம்பில் 28 பவுண்டு போட்டேன். சத்தம் அருமையாக வருகிறது. ஆனால் பின்கோட்டிலிருந்து அடித்தால் எதிர்ப் பின்கோடு வரை போகமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை நரம்பு அறுந்துவிட்டது. இப்போது முழங்கைக்கு வெளிப்பக்கம் வலி, போர்டில் எழுதக் கையைத் தூக்கினாலே தெறிக்கிறது. 30 போட்டால் சரியாகும் என்கிறார் ஒருவர். போகப் போகப் பழகிவிடும் என்கிறார் இன்னொருவர். எந்த நரம்பு, எத்தனை பவுண்டு? ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பையனும் இதே மட்டையைத்தான் எடுத்து ஆடுகிறான், அவனுக்கு என்ன போடலாம்?

பதில்: டீச்சர், சுற்றி வளைக்காமல் முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. இப்போது இருக்கும் நரம்பு அறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நல்ல நரம்பாக இருந்தாலும் வெட்டிவிட்டு, 0.70 மில்லிமீட்டர் கனமுள்ள நரம்பில் நெடுக்குக்கு 22, குறுக்குக்கு 23 பவுண்டு போடச் சொல்லுங்கள். 30 போடச் சொன்னவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் அவர் பேச்சைக் கேட்கவும் வேண்டாம். பழகிவிடும் என்று சொன்னவர் இன்னும் மோசமான யோசனை சொல்லியிருக்கிறார், ஏனென்றால் வலி பழகாது, முற்றத்தான் செய்யும்.

நான் பாளையங்கோட்டையில் கட் போடுகிறவன், அதாவது மட்டைக்கு நரம்பு கட்டுகிறவன். என் மேஜைக்கு வருகிற மட்டைகளில் ரொம்பப் பேர் கேட்பது 26, 28 என்றுதான். ஏன் 28 என்று கேட்டால் கூட ஆடுகிறவன் 28 போட்டிருக்கிறான் என்பார்கள். அவன் ஏன் போட்டான் என்று கேட்டால் அவனுக்கு மேலே ஒருவன். எத்தனாம் வகுப்பு என்று சொல்கிற தோரணையில் அந்த எண்ணைச் சொல்கிறார்கள், கூடினால் கெத்து, குறைந்தால் கேவலம். பவுண்டு என்பது நரம்பை மிஷின் எவ்வளவு விசையோடு இழுத்துக் கட்டியது என்பதன் கணக்கு, அவ்வளவுதான். 22 பவுண்டு என்றால் சுமார் 10 கிலோ, 28 என்றால் கிட்டத்தட்ட 12.7 கிலோ. அதற்கும் ஆடுகிறவரின் திறமைக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை, ஆடுகிறவரின் கைக்குத்தான் சம்பந்தம்.

மட்டையில் 20–28 என்று போட்டிருக்கிறதே, அதைப் பற்றி ஒரு விஷயம். அது 20-லிருந்து 28 வரை எது போட்டாலும் உங்களுக்கு நல்லது என்று சொல்லவில்லை, மட்டையின் சட்டம், அதாவது ஃபிரேம், அதுவரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. 28 அதன் எல்லை. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. குறுக்கு நரம்பை நெடுக்கு நரம்பைவிட ஒன்றோ இரண்டோ பவுண்டு கூட்டிப் போடுவதுதான் வழக்கம், ஏனென்றால் நெடுக்கு நரம்பு மட்டும் இழுபட்டு நிற்கும்போது மட்டையின் தலை நீளத்தில் சுருங்கி அகலத்தில் பிதுங்கும், குறுக்கு நரம்பு அதை மறுபடி இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், போதாததற்கு அது ஒவ்வொரு நெடுக்கு நரம்புக்கும் மேலும் கீழுமாக நுழைந்து போவதால் உராய்விலேயே கொஞ்சம் இழுவை போய்விடும். அதனால் நீங்கள் 28 என்று சொன்னபோது கடைக்காரர் குறுக்கில் 29, 30 போட்டிருக்கலாம். ஏற்கெனவே எல்லையில், ஒருவேளை எல்லைக்கு வெளியே, நிற்கிற மட்டையில்தான் அந்த நண்பர் இன்னும் ஏற்றச் சொல்கிறார். சட்டம் விரிசல் விட்டால் கம்பெனியும் வாரண்டி தராது.

சரி, இறுக்கமாக இருந்தால் வேகமாகத்தானே போக வேண்டும், ஏன் ஷட்டில் பின்கோடு வரை போகவில்லை? வீட்டில் கயிற்றுக் கட்டில் இருந்தால் நினைத்துப் பாருங்கள். நடுத்தரமாக இழுத்துக் கட்டிய கட்டிலில் பிள்ளைகள் குதித்தால் கயிறு உள்வாங்கித் திரும்பத் தூக்கி எறியும், ஒரேயடியாக இறுக்கிக் கட்டினால் பலகையில் குதித்த கதைதான், கால்தான் வலிக்கும். ஷட்டில் படும்போது நரம்புத் தளம் ஒரு கணம் உள்ளே போய்த் திரும்பத் தள்ளுகிறது, அந்தத் திருப்பித் தள்ளல்தான் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற வேகம். பவுண்டு ஏற ஏற அது குறையும், குறைந்த இடத்தைக் கையின் வேகத்தால் நிரப்ப வேண்டும். மணிக்கட்டும் முன்கையும் சுழன்று மின்னல் வேகத்தில் அடிக்கத் தெரிந்தவருக்கு அது நஷ்டமே இல்லை, அவருக்கு இறுக்கமான தளம் ஷட்டிலைச் சொன்ன இடத்தில் வைக்க உதவும். மற்றவர்களுக்கு அதில் நஷ்டம் மட்டும்தான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. நரம்புத் தளத்தில் நன்றாக அடி விழுகிற நடுப்பகுதி இருக்கிறதே, பவுண்டு கூடக் கூட அது சுருங்கும். இறுக்கமான மட்டையில் நடுவில் பட்டால் சுகம், இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டால் ஷட்டில் செத்து விழும், அதிர்வு முழுக்கக் கைக்கு ஏறும். காலை ஆறு மணிக்கு, அரைத் தூக்கத்தில், டபுள்ஸில் நாலு பேரும் ஓடி ஆடுகிற ஆட்டத்தில் எத்தனை அடி நடுவில் படுகிறது என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து பாதிக்கு மேல் ஓரத்தில்தான் படும், நல்ல ஆட்டக்காரர்களுக்கே. உங்கள் முழங்கை வலியில் இந்த ஓர அடிகளுக்குத்தான் பெரும் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு.

அந்தச் சத்தம். ‘டப்’ என்று ஷெட் முழுக்க எதிரொலிக்கிற சத்தத்துக்காகவே பவுண்டு ஏற்றுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதுகூட நின்றுவிட்டது. மெல்லிய நரம்பும் இறுக்கமும் சேர்ந்தால் சத்தம் உச்சத்தில் வரும், அது நரம்பு அதிரும் வேகத்தின் ஓசை. ஷட்டில் போகிற வேகத்துக்கு அது சாட்சி ஆகாது. எதிரே நிற்கிறவர் சத்தத்தைக் கேட்டுப் பயந்தால் சரி, ஒரு வாரத்தில் அவருக்கும் தெரிந்துவிடும்.

பெரிய ஆட்டக்காரர்கள் 30 போடுகிறார்களே என்று அடுத்த கேள்வி வரும். போடுகிறார்கள்தான், உலக அளவில் ஆடும் ஆண்கள் பலர் 30-ஐ ஒட்டித்தான் போடுகிறார்கள். நம் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-இல் ஜப்பானில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸில் ஏறினார், அந்த வேகம் தோளிலிருந்தும் காலிலிருந்தும் வருகிறது, தினமும் மணிக்கணக்கில் பயிற்சி எடுத்த உடம்பிலிருந்து வருகிறது. அவர்கள் பையில் ஒரே மாதிரி நாலைந்து மட்டை இருக்கும், ஒன்று போனால் அடுத்தது, போட்டி நடக்கும் இடத்திலேயே கட் போடுகிறவர் உட்கார்ந்திருப்பார், நரம்பு கொஞ்சம் தளர்ந்தாலே வெட்டிப் புதிதாகப் போட்டுவிடுவார்கள். நமக்கு ஒரே மட்டை, அதையும் பையன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

நம் பக்கத்துப் பழைய ஆட்டக்காரர்கள் பலர் பூப்பந்திலிருந்து, அதாவது பால் பேட்மிண்டனிலிருந்து, வந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்பளிப் பந்து இறகு ஷட்டிலைவிட ஐந்து மடங்கு கனம், அதை அடித்துப் பழகிய கைக்கு இறுக்கமான மட்டைதான் பிடிக்கும். ‘நல்லா இழுத்துக் கட்டுங்க’ என்று அவர்கள் சொன்ன யோசனை அப்படியே இந்த ஆட்டத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உங்கள் பவுண்டு எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ஷட்டிலைச் சோதித்துவிடுங்கள், ஏனென்றால் பாதி நேரம் குற்றம் ஷட்டிலில் இருக்கும், பழி நரம்பின் மேல் விழும். பின்கோட்டுக்கு மேலே ஷட்டிலைப் பிடித்து, கீழிருந்து மேலாக, முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக ஒரு அடி. சரியான வேகமுள்ள ஷட்டில் எதிர்ப் பின்கோட்டுக்கு 53 சென்டிமீட்டரிலிருந்து 99 சென்டிமீட்டர் வரை முன்னதாக விழ வேண்டும் என்பது விதி. உங்கள் ஷெட்டில் நன்றாக அடிக்கிற ஒருவரை, தளர்வான மட்டை வைத்திருப்பவரை, அடிக்கச் சொல்லுங்கள். வெளியே போனால் ஷட்டில் வேகம் அதிகம், ரொம்பக் குறைந்தால் மந்தம். நைலான் ஷட்டிலில் கார்க்கைச் சுற்றி ஒரு பட்டை இருக்குமே, யோனெக்ஸ் மேவிஸ் போன்றவற்றில் பச்சை என்றால் மந்தம், நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். சூடான காற்று லேசாக இருப்பதால் ஷட்டிலைக் குறைவாகத்தான் தடுக்கும், அதனால் நம் ஊர் வெயிலுக்குப் பச்சைதான் சரி. இறகு ஷட்டிலில் 76, 77, 78 என்று எண் வரும், எண் கூடினால் வேகம் கூடும். நமக்கு 76 பக்கமாகப் பார்த்து வாங்கினால் போதும். அக்னி நட்சத்திரத்தில் தகர ஷெட்டுக்குள் மத்தியானம் போட்டி வைப்பார்கள், அன்றைக்கு 78 எடுத்தால் எல்லாமே வெளியேதான் போகும்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று ஷெட்டின் திறந்த பக்கமாக நுழைந்து ஷட்டிலைத் தள்ளுவதும் உங்கள் பக்கம் சகஜம். அந்த மாதங்களில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஷட்டில் சரி என்றால் இதைச் செய்யுங்கள். பின்கோட்டில் நின்று, நண்பர் உயரமாகத் தூக்கித் தரும் ஷட்டிலை எதிர்ப் பின்கோடு வரை தட்டி அனுப்புங்கள், உடம்பை முறுக்காமல், சாதாரணமாக, பத்துத் தடவை. அதில் ஏழெட்டு எதிர்ப்பக்கத்தின் கடைசி இரண்டு அடிக்குள் விழுந்தால் அந்தப் பவுண்டு உங்களுக்குச் சரி. கோட்டைத் தாண்டி ஓடினால் அடுத்த தடவை கட் போடும்போது ஒரு பவுண்டு ஏற்றலாம், ஒன்றே ஒன்று, இரண்டு அல்ல. பாதி தூரத்தில் விழுந்தால் ஒரு பவுண்டு இறக்குங்கள். பின்னால் சாய்ந்து தாமதமாக அடிக்கிற ஷட்டிலையும் கொஞ்சம் அடித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தில் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான், நிம்மதியாக நின்று அடிப்பதில் எல்லா மட்டையும் நல்ல மட்டைதான். இரண்டு வருடம் ஆடிய, வாரம் நான்கு நாள் ஆடுகிற பெரியவர்களில் நான் பார்த்தவரை அநேகம் பேருக்கு 22-லிருந்து 25-க்குள் முடிந்துவிடும். நைலான் ஷட்டிலே அதிகம் என்றால் 24-க்கு மேல் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, இறகின் நயம் நைலானில் கிடையாது, இறுக்கத்தோடு சேர்ந்தால் கல்லை அடிக்கிற உணர்வுதான் வரும்.

அடுத்தது நரம்பு. மில்லிமீட்டரில் பெரும்பாலும் 0.61-லிருந்து 0.70 வரை வருகிறது. எண் சின்னதாக இருப்பதால் வித்தியாசமும் சின்னது என்று நினைக்க வேண்டாம், 0.70 நரம்பில் 0.63-ஐவிடக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் சரக்கு இருக்கிறது, நீங்கள் கணக்கு டீச்சராக இருந்தால் இரண்டையும் வர்க்கப்படுத்தி வகுத்துப் பாருங்கள். மெல்லிய நரம்பு துள்ளும், சத்தம் போடும், ஷட்டில் பட்ட இடம் கைக்குத் துல்லியமாகத் தெரியும், சீக்கிரம் அறும். கனத்த நரம்பு கொஞ்சம் மந்தமாகத் தோன்றும், உழைக்கும். யோனெக்ஸில் பிஜி 65 என்று ஒன்று, 0.70, பல வருடமாக ஊர் ஊராக ஓடுகிற நரம்பு, உங்களுக்கு நான் சொல்வது அதுதான். அதிலேயே டைட்டானியம் பூச்சோடு பிஜி 65 டிஐ இருக்கிறது, கனம் அதே, கைக்குக் கொஞ்சம் கடினமாகத் தெரியும். பிஜி 80 என்பது 0.68, நல்ல நரம்பு, ஆனால் தொடுகை கடினமானது, முழங்கை வலியுள்ளவருக்கு நான் போட மாட்டேன். பிஜி 66 அல்டிமாக்ஸ் 0.65, துள்ளல் அபாரம், ஓர அடிக்குத் தாங்காது. லி-நிங் நம்பர் 1-ம் 0.65 தான். நீங்கள் இப்போது போட்டிருக்கும் 0.63 இவை எல்லாவற்றையும்விட மெல்லியது, அதில் 28 பவுண்டு, அதில் நைலான் ஷட்டில், அது இரண்டு தடவைதான் அறுந்தது என்பதே ஆச்சரியம்.

பவுண்டை இறக்கிய பிறகும், கை தேறிய பிறகும், துள்ளல் போதவில்லை என்று தோன்றினால் அப்போது 0.66, 0.68 பக்கம் போய்ப் பார்க்கலாம். விக்டரில் விபிஎஸ் 66 நானோ அந்த வகை. இப்போது வலிக்காக இரண்டையும் மாற்றுகிறோம், அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், நரம்பையும் பவுண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள், மஞ்சள் நன்றாக இருக்குமா வெள்ளை நன்றாக இருக்குமா என்று, புடவைக்குப் பொருத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக விற்கிற நரம்புக்குப் போலியும் வரும், விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள், பாக்கெட்டை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பாக்கெட்டில் 10 மீட்டர் இருக்கும், ஒரு மட்டைக்கு அது போதும். கடைகளில் 200 மீட்டர் சுருளிலிருந்தும் வெட்டிப் போடுவார்கள், நம்பிக்கையான இடமாக இருந்தால் அதில் தவறில்லை, விலையும் குறையும்.

நரம்பு எங்கே அறுந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். தளத்தின் நடுவில், நெடுக்கும் குறுக்கும் தொடுகிற இடத்தில் பள்ளம் விழுந்து அறுந்திருந்தால் அது தேய்மானம், ஒவ்வொரு அடிக்கும் ஒரு நரம்பு மற்றதை அறுத்துக்கொண்டே இருக்கிறது, அதில் யார் மேலும் குற்றம் இல்லை. மேல் ஓரத்தில், சட்டத்தை ஒட்டிச் சட்டென்று அறுந்திருந்தால் ஓர அடி, ஷட்டிலுக்கு நீங்கள் தாமதமாக வருகிறீர்கள். ஒரே துளையில் இரண்டு தடவையும் அறுந்திருந்தால் அந்தத் துளையில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குழாய், கிராமெட் என்பார்கள், வெடித்திருக்கும், சட்டத்தின் கூர்மை நரம்பை அறுக்கிறது. புது கிராமெட்டின் விலை ரொம்பக் குறைவு, அதை மாற்றாமல் நரம்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் செலவு நமக்குத்தான்.

அறுந்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. அறுந்த இடத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மிச்ச நரம்பையும் அங்கேயே வெட்டிவிடுங்கள், நடுவிலிருந்து தொடங்கி வெளியே, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கம் அறுந்து மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் சட்டம் கோணும், அதிலும் உயர்ந்த பவுண்டில் ஒரே ராத்திரியில் விரிசல் விழலாம். ஒரு நரம்புதானே, ஒட்டுப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்பார்கள். இரும்பு மட்டைக்கு அது பரவாயில்லை, பிள்ளைகள் தெருவில் ஆடுகிற மட்டை. கிராஃபைட்டுக்கு வேண்டாம்.

கடைக்குக் கடை 24 என்பது ஒரே 24 இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றி இழுத்து, குறித்த பவுண்டு வந்ததும் பூட்டிக்கொள்கிற மிஷின் ஒரு வகை, பூட்டிய கணத்திலிருந்து நரம்பு இளக ஆரம்பித்துவிடும், அதை ஈடுகட்ட மிஷினால் முடியாது. மின்சார மிஷின் கவ்வி வைக்கும் வரை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அதே எண்ணைச் சொன்னாலும் இரண்டாவது மிஷினில் தளம் கொஞ்சம் இறுக்கமாக வரும். ஒரு கடையில் 23 பிடித்துப்போனால் அதே கடையில், அதே ஆளிடம், அதே நரம்பில் போட்டுக்கொண்டே இருங்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு தடவை, தென்காசியில் ஒரு தடவை என்று மாற்றினால் உங்கள் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

போட்ட அன்றைக்கு இருந்த இழுவை மறுநாள் இருக்காது. முதல் ஒரு நாளிலேயே பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவது சாதாரணம், பிறகு மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், ஆடினாலும் ஆடாவிட்டாலும். நரம்பு நைலான், சூட்டில் இளகும், ஈரத்தை உறிஞ்சும். நம் பக்கம் இரண்டுக்கும் பஞ்சமில்லை, மே மாத வெயில் ஒரு பக்கம், குற்றாலச் சாரல் காலத்து ஈரம் இன்னொரு பக்கம். வெயிலில் நிற்கும் காரில், ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் மட்டையை வைத்துவிட்டு எட்டு மணி நேரம் பாடம் எடுக்கப் போகாதீர்கள், ஸ்டாஃப் ரூமுக்குள் எடுத்துக்கொண்டு போங்கள், யாராவது கேட்டால் கேட்கட்டும். நரம்பைச் சுண்டி வருகிற ஓசையை வைத்து இழுவையை அளக்கிற போன் செயலிகள் இருக்கின்றன. அவை காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் புதிதாகப் போட்ட அன்று ஒரு தடவை, மாதம் ஒரு தடவை என்று அளந்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும்.

வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ வருடத்தில் அத்தனை தடவை நரம்பு மாற்ற வேண்டும் என்று பழைய வழக்கு ஒன்று உண்டு. உங்களுக்கு நான்கு. அறுந்தால்தான் மாற்றுவேன் என்று 0.70 நரம்பை வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள், அது அறாது, வருடக்கணக்கில் கிடக்கும், உயிர் மட்டும் போயிருக்கும்.

முழங்கை வலி முழுக்க நரம்பால் வந்தது என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. வெளிப்பக்க வலி, கையைத் தூக்கினால் தெறிக்கிறது என்பதெல்லாம் டென்னிஸ் எல்போ என்பார்களே அந்த வகையில் கேட்கிற பேச்சு. பவுண்டை இறக்கி, வலி போகும் வரை ஆட்டத்தை நிறுத்தி, அப்படியும் இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலோ உங்கள் ஊரிலோ எலும்பு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஆடுவது வேண்டாம். என் தொழிலுக்குள் வருவது பிடி. பிடி மெலிதாக இருந்தால் மட்டை கையில் திரும்பும், திரும்பாமல் இருக்க இறுக்கிப் பிடிப்போம், அந்த இறுக்கிப் பிடித்தல் நேராக முழங்கையில் போய் உட்காரும். இந்தப் பக்கத்து வியர்வைக்குப் பழைய பிடி வழுவழுவென்று ஆகிவிடும், மேலே ஒரு புது கிரிப் சுற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் தடிமனாகவும் ஆகும். அடிக்கிற கணத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்து மற்ற நேரம் தளர்வாக வைத்துப் பழகுங்கள்.

பையன் விஷயம். உங்கள் மட்டையில் அவனை ஆட விடாதீர்கள், 28-லும் வேண்டாம், 22 போட்ட பிறகும் வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோளும் மணிக்கட்டும் இன்னும் வளர்கிற பருவம், ஷட்டில் போகவில்லை என்றால் கையை முறுக்கி, உடம்பை வளைத்து எப்படியாவது தள்ளப் பார்ப்பான், அந்தக் கோணல் அடி அப்படியே பழக்கமாகிவிடும், பிறகு எந்தக் கோச்சாலும் அதை எடுக்க முடியாது. விலை அதிகமில்லாத, லேசான, தண்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கிற மட்டையாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். கடையிலேயே கட் போட்டு வருகிற மட்டையானால் அந்த நரம்பு பெரும்பாலும் தளர்வாகத்தான் இருக்கும், அவனுக்கு அது போதும், அறுகிற வரை ஆடட்டும். அறுந்த பிறகு 0.70 நரம்பில் 19, 20 பவுண்டு. கோச்சிடம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்து, பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்குச் சிரமமில்லாமல் அடிக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு பவுண்டாக ஏற்றலாம், அந்த முடிவைக் கோச் எடுக்கட்டும், கூட ஆடுகிற பையன்கள் எடுக்க வேண்டாம். புது மட்டை வாங்கும்போது பிடி அவன் கைக்கு அடங்குகிறதா என்று பாருங்கள். யோனெக்ஸில் ஜி4-ஐவிட ஜி5 மெலிது, எண் கூடினால் பிடி சின்னதாகும், கடையில் பலர் இதை மாற்றிச் சொல்வார்கள்.